கூரை ஏசியும் குட்டி ஜெனரேட்டரும்

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். புதுசா டிரெய்லர் வாங்கியிருக்காராம். "உன்கிட்ட இருக்கிற மாதிரி சின்ன ஜெனரேட்டர்ல கூரை ஏசி ஓடுமா?"ன்னு கேட்டார். "ஓடும்"னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு வச்சிருக்கலாம். ஆனா முக்கால் மணி நேரம் பேசிட்டேன். தங்கமணி சமையலறையிலேர்ந்து ரெண்டு தடவை எட்டிப் பார்த்து முறைச்சாச்சு. அதையே எழுதி வச்சுட்டா அடுத்த ஆள் கேக்கும்போது தொண்டைத் தண்ணி மிச்சம் பாருங்க. அதான் இது.

முதல்ல ஊர்ல இருக்கிறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்க அமெரிக்காவுல டிரக்குக்குப் பின்னாடி கொக்கி போட்டு ஒரு குட்டி வீட்டையே இழுத்துக்கிட்டுப் போவாங்க. கட்டில், அடுப்பு, பாத்ரூம், ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும். கூரை மேல ஒரு ஏசி. எங்களோடது 20 அடி நீளம், பழசு. கேம்ப்கிரவுண்டுல கரண்ட் கம்பம் இருந்தா ஒயரைச் சொருகினோமா, ஏசியைப் போட்டோமான்னு இருக்கலாம். கம்பம் இல்லாத இடத்துக்குப் போகணும்னா கரண்ட்டையும் நாமளேதான் கொண்டு போகணும்.

நாங்க இருக்கிறது அரிசோனாவுல, ஃபீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர். ஜூன் மாசம் 110 டிகிரி சர்வ சாதாரணம் (ஃபாரன்ஹீட்டுங்க, நம்ம கணக்குல 43). ஏசி இல்லாத டிரெய்லர் மதியம் இட்லிச் சட்டி மாதிரி ஆயிடும்.

இனி கதைக்கு வர்றேன். 2019. அம்மா தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா கோவில்பட்டியில தனியா இருந்தார். கெஞ்சிக் கூத்தாடி வரவழைச்சோம். அவருக்கு அப்ப 74 வயசு, பிரஷர் மாத்திரை உண்டு. முப்பது வருஷம் மாவு மில் வச்சிருந்தவர். வந்த ஒரே வாரத்துல, "என்னய்யா உங்க ஊரு, தெருவுல ஒரு மனுசப் பய நடமாட்டத்தக் காணோம்"னு சொல்லிட்டார். வெளியில கூட்டிட்டுப் போகலாம்னா அவருக்கு வெயில் ஒத்துக்காது. அப்பதான் டிரெய்லர், ஜெனரேட்டர், ஏசின்னு என் மண்டைக்குள்ள பல்ப் எரிஞ்சது.

ஜெனரேட்டர் வாங்கினேன். சூட்கேஸ் சைஸ். 21 கிலோ, ஒத்தைக் கையில தூக்கலாம். சத்தம் ரெண்டு பேர் பேசிக்கிற அளவுதான். பெட்டி மேல கொட்டை எழுத்துல 2200 வாட்ஸ். எங்க ஏசி 13,500 பி.டி.யு., ஓடும்போது 12-13 ஆம்பியர் இழுக்கும். இங்க 120 வோல்ட், அதால பெருக்கினா 1500 வாட்ஸ் சொச்சம். 2200 பெருசா, 1500 பெருசா? இதுக்கு என்ன இன்ஜினியரிங் படிப்பு வேணும்? (படிச்சிருக்கேன். அதான் கொடுமையே.)

வீட்டு வாசல்லயே வெள்ளோட்டம். அப்பா நாற்காலி போட்டு உக்காந்துட்டார். பாப்பாவுக்கு அப்ப எட்டு வயசு, அவ கைதட்ட ரெடி. ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, ஒயரைச் சொருகி, ஏசியைப் போட்டேன். ஃபேன் சுத்துச்சு. பாப்பா கைதட்டினா. ரெண்டு நிமிஷம் கழிச்சு கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்துச்சு. 'ஊம்ம்ம்'னு ஒரு முக்கல். ஜெனரேட்டர்ல சிவப்பு லைட். அவ்ளோதான், எல்லாம் அமைதி. மறுபடி போட்டேன், மறுபடி முக்கல், மறுபடி சிவப்பு. ஜெனரேட்டர்ல எகானமி சுவிட்ச்னு ஒண்ணு இருக்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை மெதுவா ஓட விடும். அதை அணைச்சுட்டு முழு வேகத்துல ஓட விட்டுப் பார்த்தேன். அப்பவும் அதே கதைதான்.

அப்பா எழுந்து வந்தார். "ஏய்யா, ஸ்டார்ட்டர் எங்க?"

"என்ன ஸ்டார்ட்டர்ப்பா?"

"மோட்டாருக்கு ஓடுறதுக்கா கரண்ட்டு வேணும்? கிளம்புறதுக்குல்லா வேணும். நம்ம மில்லுல பத்து எச்.பி. மோட்டார நேரா சுவிட்சப் போட்டு விட்டா என்னாவும்? தெருவே மங்கிரும். அதுக்குத்தான ஸ்டார் டெல்டா வச்சிருந்தோம்?"

ஙேன்னு முழிச்சேன். சின்ன வயசுல எத்தனை தடவை அந்தப் பச்சைப் பெட்டியைப் பார்த்திருப்பேன்! 'டக்'னு ஒரு சத்தம், மோட்டார் முனகிக்கிட்டே வேகம் பிடிக்கும், அப்புறம் இன்னொரு 'டக்'. கிளம்பும்போது ஸ்டார், ஓடும்போது டெல்டா. ஸ்டார்ல இருக்கும்போது லைன்லேர்ந்து இழுக்கிற கரண்ட் மூணுல ஒரு பங்குதான். காலேஜ்ல வேற பரீட்சையில பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கியிருக்கேன். வாசல்ல நிக்கும்போது ஞாபகம் வரலை.

விஷயம் இதுதான். கம்ப்ரஸர் மோட்டார் நின்ன நிலையிலேர்ந்து புறப்படுற அந்த ஒரு கண நேரத்துக்கு 50, 60 ஆம்பியர்கூட இழுக்கும். ஓட ஆரம்பிச்சப்புறம்தான் 12-13. என் ஜெனரேட்டர் மூச்சைப் பிடிச்சுக் குடுத்தாலும் 18 ஆம்பியருக்கு மேல தேறாது. தவிர, பெட்டியில போட்ட 2200-ம் கொஞ்ச நேரத்துக்குத்தான். தொடர்ந்து ஓட்டினா 1800, அதாவது 15 ஆம்பியர். இது பொடி எழுத்துல இருந்துச்சு. பொடி எழுத்தை எவன் படிக்கிறான்?

ஏசிக்கும் ஸ்டார்ட்டர் உண்டு, சாஃப்ட் ஸ்டார்ட்டர்னு கேட்டா கிடைக்கும். ஸ்டார் டெல்டா மூணு ஃபேஸுக்கு. இது ஒரு ஃபேஸுக்கு, எலக்ட்ரானிக் சமாச்சாரம். வேலை ஒண்ணுதான்: மோட்டாரை ஒரே உதையில எழுப்பாம, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எழுப்பும். கிளம்புற கரண்ட் மூணுல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிடும். முன்னூறு டாலர் சொச்சம் ஆச்சு. "ஜெனரேட்டர் வாங்கின அன்னிக்கே இதையும் சொல்லியிருக்கலாமே"ன்னு தங்கமணி கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை காலை அஞ்சு மணிக்கு, வெயில் வர்றதுக்குள்ள, கூரை மேல ஏறினேன். அப்பா கீழேயிருந்து டைரக்ஷன். ஏசியோட பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினா உள்ள கண்டென்சர் இருக்கும் (நம்மூர் ஃபேன்ல, பம்ப்செட்ல இருக்குமே, அதேதான்). ஒயரைப் பிடுங்கின பிறகும் அதுல கரண்ட் தங்கியிருக்கும், தொட்டா உதைக்கும். "டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத் தொடு, டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத் தொடு"ன்னு அப்பா பத்து தடவை சொன்னார். நாலு ஒயர், ரெண்டு மணி நேரம். அந்தப் பெட்டி முதல் அஞ்சு தடவை கிளம்பும்போது நம்ம கம்ப்ரஸரோட குணத்தைப் படிச்சு வச்சுக்கும். அதை வீட்டுக் கரண்ட்லயே முடிச்சுட்டு, பிறகு ஜெனரேட்டர்ல போட்டேன். ஒரு சின்ன முனகல், இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறுச்சு, ஜில்லுனு காத்து. சிவப்பு லைட் வரலை.

அப்பா முகத்தைப் பார்க்கணுமே! அம்மா போனதுக்கப்புறம் அப்பத்தான் வாய் விட்டுச் சிரிச்சார்.

சிரிச்சுட்டு ஜெனரேட்டரை ஒரு சுத்து சுத்தி வந்தார். "ஏய்யா, புகைக்கு என்ன வழி?"

"அப்பா, இது சின்ன மெஷின். புகையே வராது, பாருங்க."

"கண்ணுக்குத் தெரியலங்கிறதுக்காக இல்லன்னு ஆயிருமா? மில்லுல டீசல் இன்ஜினுக்குக் குழாய்ய கூரைக்கு மேல ஏத்தி விட்டிருந்தோம்லா."

2012-ல தமிழ்நாட்டுல நாள் பூரா கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சே, அப்ப மில் ஓடினதே அந்த டீசல் இன்ஜின் புண்ணியத்துலதான். "அது டீசல்ப்பா, இது வேற"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டேன். அவரும் விட்டுட்டார்.

ஜூலை மாசம் கிளம்பினோம். ஃபிளாக்ஸ்டாஃப் வழியா வடக்கே அஞ்சு மணி நேரம் போனா பேஜ்னு ஒரு ஊர். அதைத் தாண்டினா யூட்டா எல்லைக்குள்ள லோன் ராக் பீச். கொலராடோ ஆத்துக்குக் குறுக்கே கிளென் கேன்யன் அணை கட்டினதுல உருவான பவல் ஏரியோட மணல் கரை. தண்ணிக்குள்ள ஒத்தையா ஒரு பெரிய பாறை நிக்கும், அதான் பேர். கரையில எங்க வேணும்னாலும் டிரெய்லரை நிறுத்திக்கலாம். கரண்ட் கம்பம் கிடையாது. எங்களுக்குன்னே செஞ்ச இடம்!

போய்ச் சேர்ந்த அன்னிக்கு மதியம் 104 டிகிரி. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஏசியைப் போட்டேன். அருமையா கிளம்புச்சு. இருபது நிமிஷத்துல சிவப்பு லைட்! மறுபடி போட்டேன், கால் மணி நேரத்துல மறுபடி சிவப்பு.

உக்காந்து கணக்குப் போட்டேன். அந்த இடம் 3,600 அடி உயரம். ஆயிரம் அடிக்கு மூணரை சதவீதம் வீதம் இன்ஜினோட தெம்பு குறையும், காத்து அடர்த்தி கம்மி இல்லையா. 1800-ல பன்னெண்டரை சதவீதம் போனா மிச்சம் 1575. வெயில் ஏற ஏற ஏசி இழுக்கிறதும் கூடும். 13 ஆம்பியர்னா 1560. பதினஞ்சு வாட்ஸ் வித்தியாசத்துல மொத்தக் குடும்பமும் உயிர் வாழ்ந்துக்கிட்டிருக்கு! மத்த எல்லாத்தையும் நிறுத்தினேன். ஃபிரிட்ஜையும் வெந்நீரையும் கேஸுக்கு மாத்தினேன். பேட்டரி சார்ஜர் சத்தமில்லாம முன்னூறு வாட்ஸ் தின்னுக்கிட்டிருந்தது, அதோட பிரேக்கரைத் தட்டினேன். இப்ப ஓடுச்சு.

ஆனா ஜெனரேட்டர் மொட்டை வெயில்ல கொதிச்சுக்கிட்டிருந்தது. மேல கை வைக்க முடியலை. சூடான காத்தைக் குடிச்சா தெம்பு இன்னும் குறையும். எனக்கோ அந்தப் பதினஞ்சு வாட்ஸ் ரொம்ப முக்கியம். என்ன பண்ணினேன் தெரியுமா? டிரெய்லரோட பின்பக்க நிழல்ல கொண்டு போய் வச்சேன். சுவரிலேர்ந்து நாலு அடி. சூரியன் நகர, நிழலும் நகர்ந்துச்சு. நானும் ஜெனரேட்டரை நகர்த்தினேன். கடைசியில பம்பர் பக்கத்துல, பாதி டிரெய்லருக்கு அடியிலேயே இருந்தது. காத்து அப்ப எதிர்ப்பக்கம் நல்லா அடிச்சுக்கிட்டிருந்தது. 'புகை எல்லாம் ஏரிக்குப் போயிடும்'னு ஒரு நினைப்பு. நினைச்சேனாங்கிறதே இப்ப சந்தேகம்தான்.

ரெண்டு மணிக்கு அப்பாவும் பாப்பாவும் உள்ள படுத்தாங்க. ஏசி குளுமை தப்பாம இருக்க ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கி மூடினேன். நானும் தங்கமணியும் நூறு அடி தள்ளி தண்ணியில கால் நனைச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். எனக்குப் பெருமை தாங்கலை. சூட்கேஸ் சைஸ் ஜெனரேட்டர்ல, பாலைவனத்துல, எங்கப்பா ஏசியில தூங்கறார்! எப்பவோ காத்து நின்னிருக்கு. நாங்க கவனிக்கலை.

மூணு மணி சுமாருக்கு ஜெனரேட்டர் சத்தம் நின்னு போச்சு. "ச்சே, மறுபடியும் சிவப்பு லைட்டு"ன்னு சலிச்சுக்கிட்டே திரும்பினேன்.

அப்பா மணல்ல நின்னுக்கிட்டிருந்தார். ஒரு தோள்ல பாப்பா. இன்னொரு கையில துண்டை எடுத்து வீசிக்கிட்டிருந்தார். ஜெனரேட்டர் தானா நிக்கலை, அவர்தான் அணைச்சிருக்கார். அந்த அமைதியிலதான் எனக்குக் கேட்டுச்சு, டிரெய்லருக்குள்ளேர்ந்து பீப் பீப் பீப் பீப், ஒரு இடைவெளி, மறுபடி நாலு.

ஓடினேன். பாப்பா முழிச்சுதான் இருந்தா. "தல வலிக்குதுப்பா"ன்னா. கீழ இறக்கினதும் வாந்தி எடுத்தா.

அப்பாவுக்கு அந்த பீப் என்னன்னே தெரியாது. இங்கிலீஷ்ல அலாரம் மேல எழுதியிருந்ததையும் படிக்கலை. "தல கனமா இருந்துச்சு, கையில தெம்பில்ல. மில்லுல ஒருக்கா மழைன்னு இன்ஜின் ரூம் கதவச் சாத்திட்டு ஓட்டினப்ப இப்படித்தான் இருந்துச்சு. அன்னைக்கு வேலைக்கு இருந்த பையன் மயங்கியே விழுந்துட்டான். அதான் புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன்"னார். என்னைத் திட்டலை. "நான் சொன்னேன்லா"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா தேவலை.

நேரா பேஜ் ஊர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். விரல்ல கிளிப் மாட்டினாங்க. ரெண்டு பேருக்கும் 98. "நார்மலா இருக்கே"ன்னு நான் நிம்மதிப் பெருமூச்சு விட, டாக்டர் தலையை ஆட்டினார். அந்தக் கிளிப்புக்கு ஆக்சிஜன் ஒட்டின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம். ரத்தம் எடுத்துத்தான் பார்க்கணும். பார்த்தாங்க, ரெண்டு பேருக்கும் இருந்தது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டாங்க. சாதாரணக் காத்துல இருந்தா அந்த விஷம் ரத்தத்துல பாதியா குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும், சுத்தமான ஆக்சிஜன்ல ஒரு மணி, ஒன்றரை மணியில குறைஞ்சிடும்னு விளக்கினார். பாப்பா மாஸ்க்கோட தாத்தாவைப் பார்த்துக் கை ஆட்டிக்கிட்டிருந்தா. நான் வெளியில போய் வராண்டாவுல நின்னுக்கிட்டேன். தங்கமணி பக்கத்துல வந்து நின்னா, ஒண்ணும் பேசலை.

ராத்திரி பத்து மணிக்கு விட்டாங்க. ஜன்னல் எல்லாத்தையும் திறந்து போட்டுட்டுப் படுத்தோம். பாலைவனம் ராத்திரியில நல்லாவே குளிர்ந்துடும். ஏசியே வேண்டியிருக்கலை. எனக்குத் தூக்கம் வரலை. பதினஞ்சு வாட்ஸ் வரைக்கும் கணக்குப் போட்ட புத்தி, நாலு அடியைக் கணக்குல சேர்க்கலை. ஆம்பியர் தப்பினா சிவப்பு லைட் எரியும், ஏசி நிக்கும், அவ்ளோதான். புகை தப்பினா? இந்த நாட்டுல தீ விபத்தை விட்டுட்டுப் பார்த்தாலே வருஷத்துக்கு 400 பேருக்கு மேல கார்பன் மோனாக்சைடுல செத்துப் போறாங்க. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நாம தூங்கும்போது வந்தா தூக்கத்துலயே முடிஞ்சிடும்.

நண்பர்கிட்ட முக்கால் மணி நேரம் பேசினதோட சாரம் இதுதான்:

1. 13,500 பி.டி.யு. ஏசி 2200 வாட்ஸ் ஜெனரேட்டர்ல ஓடும். ஆனா சாஃப்ட் ஸ்டார்ட்டர் இல்லாம கிளம்புறது கஷ்டம்.

2. மேக்ஸிமம் வாட்ஸைப் பார்க்காதீங்க, தொடர்ந்து தர்ற வாட்ஸைப் பாருங்க. அதுலயும் ஆயிரம் அடிக்கு மூணரை சதவீதம் கழிச்சுடுங்க. 7,000 அடி மேல போனா கால்வாசி காலி.

3. ஏசி ஓடும்போது பேட்டரி சார்ஜர், மைக்ரோவேவ், வெந்நீர் எல்லாம் ஆஃப்.

4. ஒரு டேங்க் பெட்ரோல் ஒரு கேலனுக்கும் கம்மி. ஏசியோட மூணு மணி நேரம் வந்தா அதிகம். ராத்திரி பூரா ஓட்டற நினைப்பே வேண்டாம். நேஷனல் பார்க் இடங்கள்ல ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரை சத்தம் போடவும் கூடாது.

5. ஜெனரேட்டர் டிரெய்லர்லேர்ந்து குறைஞ்சது இருபது அடி தள்ளி இருக்கணும். புகைவாய் டிரெய்லருக்கு எதிர்ப்பக்கம் பார்க்கணும். நல்ல தடிமனான நீள ஒயர் வாங்குங்க, அதுல கஞ்சத்தனம் வேண்டாம். நிழல் வேணும்னா ஜெனரேட்டருக்குத் தனியா, நாலு பக்கமும் திறந்த ஒரு கூடாரம் போடுங்க. காத்து திசை மாறும், அதை நம்பாதீங்க.

6. கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு ஆயுசு உண்டு. பின்னாடி தேதி போட்டிருக்கும், பார்த்து மாத்துங்க. அது கத்தினா பட்டனை அமுக்கி அடக்காதீங்க. முதல்ல ஆளுங்களை வெளியே கொண்டு வாங்க. இப்ப வர்ற புது ஜெனரேட்டர்கள் பலதுல சென்சார் வச்சு தானே நின்னுடற மாதிரி செய்யறாங்க, நல்ல விஷயம். ஆனா அது ஜெனரேட்டர் பக்கத்துக் காத்தைத்தான் பார்க்கும். நீங்க தூங்கற அறையில அலாரம் தனியா வேணும்.

அப்பா அந்த வருஷமே ஊருக்குத் திரும்பிட்டார். அதே ஜெனரேட்டரும் அதே ஏசியும் இன்னமும் ஓடுது, இப்ப முப்பது அடி ஒயரோட. ஒவ்வொரு தடவை கேம்பிங் கிளம்பும்போதும் அவருக்கு போன் பண்ணிச் சொல்லிடுவேன். எந்த ஊரு, எத்தனை நாள்னு எதுவும் கேக்க மாட்டார்.

"ஏய்யா, புகைக்கு என்ன வழி?"

"முப்பது அடி தள்ளிப்பா. உங்க பேத்திதான் அளந்து வைக்கிறா."

"சரி, போய்ட்டு வாங்க."

பாப்பா நிஜமாவே டேப் வச்சு அளக்கிறாங்க. ஒரு அடி குறைஞ்சாலும் ஸ்டார்ட் பண்ண விடறதில்லை.